மல்லாந்து கிடந்த கண்கள்

"வாரத்துல ரெண்டு நாள்தான் நீ நல்ல கண்ணு கொண்டு வர்றே, காந்தா. மத்த நாளெல்லாம் பழசு."

டிரேவர் சார் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் காந்தாவுக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பாள். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பழசா? ஆட்டுக்கு உடம்புச் சூடு ஆறாது சார், அதுக்குள்ள கண்ணு என் டப்பாவுல இருக்கும்."

"மெஷின் அப்படிச் சொல்லலியேம்மா. மெஷினுக்கு உன்மேல என்ன பகை?"

எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய கம்பெனிகளின் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்பக்கம், லாரிகள் திரும்ப முடியாத ஒரு சந்தில், பழைய அச்சகத்தின் மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். டிரேவர் அதன் மேனேஜர். பழைய வெள்ளைக்காரர் குடியிருப்பான கன்டோன்மென்ட் பக்கத்து ஆள். காந்தா அங்கே உதவியாள். தினமும் விடிந்ததும் ஹெப்பகோடி கறிக்கடைக்குப் போய்ப் பன்னிரண்டு ஆட்டுக்கண்களை எடுத்து, உப்புநீரில் போட்டு, பனிக்கட்டி நேராகப் படாமல் துணி சுற்றி, எட்டு மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதுதான் அவளுடைய முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"மாசக் கடைசியோட உன் கான்ட்ராக்ட் முடியுது" என்றார் டிரேவர். "வேற ஒரு சப்ளையரைப் பாத்து வச்சிருக்கேன். பேக் பண்ணி அனுப்பிடுவான். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என் நெலமையையும் நீ பாக்கணும்ல?"

மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது.

காந்தா தட்டுகளைக் கழுவப் போனாள். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைத்த வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டில் வேலை போய்விட்டதென்று யாரும் உட்கார்ந்து அழுததில்லை, அடுத்த வேலை இதைவிட முதுகை ஒடிக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அடுத்த வேலை எதுவென்று தெரிந்தே இருந்தது. இப்போது கண் எடுக்கிற அதே ஹெப்பகோடிக் கடையில், அதாவுல்லா பாயின் பின்கட்டில், நாலு வருஷம் செய்ததுதான்: கேஸ் குழாயின் நெருப்பில் ஆட்டுத்தலையை வாட்டி, கருகிய மயிரைச் சுரண்டி, மண்டையை இரண்டாகப் பிளப்பது. குளித்தாலும் போகாத நாற்றம் அது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து நின்றுகொண்டே வருவாள்.

நாற்றம்கூடப் பரவாயில்லை. இங்கே வந்த பிறகுதான், கேள்வி கேட்டால் பதில் வரும் என்பது அவளுக்குத் தெரிந்தது. கல்குவாரியில் ஏன் என்று கேட்டால் அடி. கறிக்கடையில் சிரிப்பு. இங்கே ஆய்வை நடத்துகிற வித்யாலட்சுமி மேடம் பேனாவை எடுத்துப் படம் போட்டே காட்டுவார்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே காட்டியிருந்தார். கண்ணுக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு மெல்லிய தோல், விழித்திரை. வயதானவர்களுக்கு அதன் நடுப்பகுதி கெட்டுப்போகிறது. எதிரே நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் மட்டும் தெரியாது. மருந்து இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதில்தான் சிக்கல். சொட்டு மருந்து கண்ணீரோடு வழிந்துவிடும். மாத்திரை ரத்தத்தில் சுற்றிவிட்டுக் கண் வாசலிலேயே நின்றுவிடும். அதனால் மாதாமாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி.

"கண்ணுக்குள்ளயா?" என்று கேட்டாள் காந்தா அப்போது.

"கண்ணுக்குள்ளதான். மரத்துப்போக மருந்து விட்டுட்டுக் குத்துவாங்க. ரெண்டு மாசம் வருவாங்க, மூணாவது மாசம் பயந்துக்கிட்டோ, கூட்டிட்டு வர ஆளில்லாமலோ நின்னுடுவாங்க. நிக்கிற மாசத்துல பார்வை போயிடும்."

அதற்குத்தான் இந்த ஆய்வு. மருந்தைப் பொடிப்பொடித் துகள்களாக்கி ஒரே ஊசியில் உள்ளே விட்டால், துகள் கரையக் கரைய ஆறு மாதத்துக்கு மருந்து கசிந்துகொண்டே இருக்கும். அது விழித்திரைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று ஆட்டுக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டை அடுக்கும் அட்டை போன்ற தட்டில், கருவிழி மேலே பார்க்கக் கண்களை வரிசையாக வைப்பார்கள். துகளைச் செலுத்தி, உடம்புச் சூட்டில் ஆறு மணி நேரம் வைத்து, பிறகு கல்லாக உறையவைத்து, பின்பக்கத் தோலை மட்டும் சீவி எடுத்து, மருந்தை அளக்கும் மெஷினில் கொடுப்பார்கள்.

கழுவிய தட்டுகளை அடுக்கிவிட்டு காந்தா வித்யாலட்சுமியின் மேஜைப் பக்கம் போய் நின்றாள். ஈரோட்டுக்காரப் பெண், காந்தாவைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். கணினியில் புள்ளிபுள்ளியாக ஏதோ தெரிந்தது.

"மேடம், நான் பழைய கண்ணு கொண்டாரேன்னு சார் சொல்றாரு. நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

வித்யாலட்சுமி திரையை அவள் பக்கம் திருப்பினார். "எனக்குத் தெரியல, காந்தா. இங்க பாருங்க. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கண்ணு. மேல இருந்தா மருந்து நல்லாப் போய்ச் சேர்ந்திருக்குன்னு அர்த்தம். கீழ இருந்தா சேரல. ஒரே துகள், ஒரே ஊசி, ஒரே கை. நாலு மடங்கு வித்தியாசம் வருது. கண்ணு கெட்டுப்போயிருந்தாத்தான் இப்படி வரும்னு சார் சொல்றார்."

"மேல இருக்கறதெல்லாம் என்னிக்குக் கொண்டாந்தது?"

"ஒண்ணாம் தேதி, மூணு, எட்டு, பத்து, பதினஞ்சு, பதினேழு."

காந்தா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். விரலால் தொட்டு எண்ணினாள். சனி, திங்கள். சனி, திங்கள். சனி, திங்கள்.

விரலைக் காலண்டரிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அந்த நாள்லகூட எல்லாக் கண்ணும் மேல இல்ல" என்றார் வித்யாலட்சுமி, திரையைப் பார்த்தபடி. "வேடிக்கையைப் பாருங்க, முந்தாநாள் பன்னெண்டுல எட்டு மேல, நாலு கீழ."

எட்டு, நாலு. காந்தாவுக்கு அது நன்றாகத் தெரிந்த கணக்கு. முந்தாநாள் திங்கட்கிழமை. சனியும் திங்களும் ஹெப்பகோடியில் பாதிப் பேர் கறி எடுக்கமாட்டார்கள். அதாவுல்லா பாய் கடைக்கு இரண்டு குட்டிகளை மட்டும்தான் அறுப்பார். இரண்டு தலைக்கு நாலு கண். மீதி எட்டுக்கு அவள் கடைக்குப் பின்னாலுள்ள கொட்டகைக்குப் போவாள். பிரியாணி ஓட்டல்களுக்காக அங்கே பல் தேய்ந்த கிழட்டுப் பெட்டை ஆடுகளை அறுப்பார்கள். அறுத்த சூட்டில்தான் எடுத்தாள். கண் புதுசாக இருக்க வேண்டும் என்றார்கள், புதுசாகத்தான் இருந்தது. கண்ணில் என்ன குட்டி, கிழடு?

ஆனால் சேர்ந்த அன்று அவள் கையெழுத்துப் போட்ட தாளில் மூன்றாவது வரி இருந்தது. இங்கிலீஷில். டிரேவர் எல்லோருக்கும் முன்னால் ஒருமுறை படித்தபோதுதான் அதன் பொருள் அவளுக்குத் தெரியவந்தது: ஓராண்டுக்கு உட்பட்ட ஆடு மட்டும். அதற்குள் இரண்டு மாதம் ஓடியிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

இப்போதும் திறக்கவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது பயத்தைவிட வேறொன்றுதான் அதிகமாக அரித்தது. சார் நல்ல கண் என்கிறது கிழட்டு ஆட்டின் கண்ணை. பழசு என்கிறது குட்டியின் கண்ணை. ஏன்? கிழட்டுக் கண்ணுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

மறுநாள் வியாழக்கிழமை. காந்தா வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாகவே கடைக்குப் போய்விட்டாள். அதாவுல்லா பாய் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், கிழட்டுப் பெட்டை எதுனா அறுத்தாங்களா பின்னாடி?"

"நாலு விழுந்துச்சு. இன்னிக்கு என்ன வியாழக்கெழமை, குட்டி எட்டு இருக்கே. கிழடு எதுக்கு உனக்கு? நக்கோ, நக்கோ, வேண்டாம்மா. மேடம் திட்டப்போறா."

"சும்மா பாக்கணும்."

"கண்ணைப் பாக்கறதுக்குக் கண்ணு. நல்ல வேலைம்மா உன் வேலை. நான் முப்பது வருஷமா தலை வெட்டறேன், ஒரு ஆடாச்சும் என்னைச் சும்மா பாக்கணும்னு கேட்டதில்ல."

கொட்டகையில் நாலு தலைகள் கிடந்தன. காந்தா ஒவ்வொன்றின் உதட்டையும் விரலால் தூக்கிப் பார்த்தாள். முன்பற்கள் தேய்ந்து, இடைவெளி விட்டு, ஒன்றில் இரண்டு பல் காணவேயில்லை. ஏழெட்டு வயதுக்குக் குறையாது. அதிலிருந்து ஒரு கண். பால் பல் விழாத குட்டியிலிருந்து ஒரு கண். இரண்டையும் சில்வர் தட்டில் வைத்து, சவர பிளேடால் குறுக்கே கீறினாள்.

குட்டியின் கண் கீறியபடியே நின்றது. உள்ளே இருந்த கூழ், தட்டைச் சாய்த்தபோதும் நுங்கைப் போல மொத்தமாக நகர்ந்தது. கிழட்டுக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தட்டின் விளிம்பைத் தாண்டி அவள் மணிக்கட்டில் ஓடியது. கூழ் இருந்தது, இல்லையென்று சொல்லமுடியாது; கிழிந்த பஞ்சுபோலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் ஓடிய அந்த ஈரம் அவளுக்குப் புதிதல்ல. நாலு வருஷம் மண்டை பிளந்த கை. கிழட்டுத் தலை என்றால் ரவிக்கைக் கை நனையும், குட்டி என்றால் நனையாது. அதை ஒரு விஷயமாக அவள் நினைத்ததே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது, எதற்குச் சொல்வது?

அன்று டப்பாவில் பன்னிரண்டு கண்கள் வைத்தாள். ஆறு குட்டிக் கண்களின் நரம்பில் வெள்ளை நூல் கட்டினாள். ஆறு கிழட்டுக் கண்களுக்குச் சிவப்பு நூல்.

ஆய்வுக்கூடத்தில் டப்பாவைத் திறந்த வித்யாலட்சுமி நூலைப் பார்த்தார். "இது என்ன காந்தா, கோயில் கயிறா?"

காந்தா சொன்னாள். கொட்டகை, திங்கள், சனி, எட்டும் நாலும், மூன்றாவது வரி. நின்றபடியே சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த மூடியைக் கீழே வைக்கவில்லை.

வித்யாலட்சுமி நாற்காலியில் சாய்ந்தார். "எத்தனை மாசமா?"

"சேர்ந்ததுலேர்ந்து. ஏழு மாசம்."

"ஏழு மாசம்." அவர் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டார். "நான் ராத்திரியெல்லாம் தூங்காம மருந்துல தப்பா, ஊசியில தப்பான்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, காந்தா."

"சொன்னா அனுப்பிடுவீங்க."

அது உண்மை. வித்யாலட்சுமி தட்டை எடுத்தார். "சரி, வைங்க. பாத்துடலாம்."

அன்று துகளில் நீலச் சாயம் கலந்தார்கள், கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று. ஆறு மணி நேரம். இடையில் காந்தா கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினாள், தரை துடைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கழுவிய குடுவையையே திரும்பக் கழுவினாள். மூன்றரை மணிக்கு உறைந்த கண்களை வெளியே எடுத்து நடுவே அறுத்தார்கள்.

வெள்ளை நூல்: கூழின் நடுவில் நீலம் ஒரு கடுகு அளவுக்கு, ஊசி விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. சிவப்பு நூல்: நடுவில் ஒன்றுமே இல்லை. நீலம் முழுவதும் அடியில், விழித்திரையின் மேல், சேற்றைப்போலப் படிந்து கிடந்தது.

"வண்டல்" என்றாள் காந்தா. "குளத்துல மண்ணு அடியில நிக்கிற மாதிரி."

"அதான் நாலு மடங்கு." வித்யாலட்சுமியின் குரலில் இப்போது களைப்பு இல்லை. "கூழ் தண்ணியாயிடுச்சு, துகள் நேரா கீழ இறங்கி விழித்திரைமேலயே உக்காந்துடுச்சு. காந்தா, வயசான மனுஷங்களுக்கும் இதேதான். அவங்க கண்ணுலயும் கூழ் தண்ணியாகும். நம்ம மருந்து அவங்களுக்குத்தானே? அப்போ இந்தச் சிவப்பு நூல்தான் அவங்க கண்ணு. நமக்கு நல்ல சேதிதான் இது."

காந்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழிகளில் கண்கள் மல்லாந்து கிடந்தன, எல்லாம் மேற்கூரையைப் பார்த்து.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஊசி போட்டுக்கினவங்க, ஆறு மாசமும் மல்லாந்தே படுத்திருப்பாங்களா?"

வித்யாலட்சுமி தட்டின்மேல் குனிந்தார்.

"இல்ல, உக்காருவாங்க, கடைக்குப் போவாங்க, டிவி பாப்பாங்க" என்றாள் காந்தா. "அப்போ அடி எது? பின்பக்கமா, கீழ்ப்பக்கமா?"

வெள்ளிக்கிழமை தட்டை மாற்றினார்கள். முட்டைத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, காந்தா தெர்மாகோலில் குழி வெட்டினாள். கண்கள் நேராக எதிர்ச்சுவரைப் பார்க்கும்படி, நிற்கிற மனிதனின் கண்ணைப்போல, பன்னிரண்டையும் செருகினாள். வரிசையாகத் தன்னையே பார்த்த அந்தக் கண்களுக்கு எதிரே நின்று வேலை செய்வது முதல் தடவையாக ஒருமாதிரி இருந்தது.

மூன்றரை மணிக்கு அறுத்தபோது டிரேவரும் வந்து நின்றார். வெள்ளை நூலில் கடுகு நடுவிலேயே இருந்தது. சிவப்பு நூலில் நீலம் கீழ்ப்பக்கத்து மூலையில் படிந்திருந்தது. பார்வைக்கு வேண்டிய பின்பக்க நடுவில் ஒரு பொட்டுகூட இல்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் டிரேவர்.

"அர்த்தம் என்னன்னா, சார்," என்றார் வித்யாலட்சுமி, "நாம நல்ல ரிசல்ட்னு வச்சிருந்ததெல்லாம் தட்டு குடுத்த ரிசல்ட். நோயாளி எழுந்து உக்காந்தா மருந்து கண்ணோட தரைக்குப் போயிடும். துகள் இப்படியே இருக்கக்கூடாது. உள்ள போனதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கணும், இல்ல விழித்திரையைப் புடிச்சுக்கணும். அதைத்தான் இனிமே செய்யணும்."

"செவ்வாய்க்கெழமை முதலீட்டுக்காரங்க வர்றாங்க, வித்யா. அவங்களுக்கு அந்த மேல் புள்ளியெல்லாம் ஏற்கெனவே அனுப்பியாச்சு." டிரேவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "கிழட்டு ஆட்டுக்கண்ணு எப்படி இங்க வந்துச்சு?"

வித்யாலட்சுமி காந்தாவைப் பார்க்காமலேயே பதில் சொன்னார். "வயசு வாரியா பாக்கலாம்னு நான்தான் இந்த வாரம் கொண்டுவரச் சொன்னேன்."

பொய் கச்சிதமாக இருந்தது. காந்தா அப்படியே தலையாட்டிவிட்டிருக்கலாம். டிரேவரும் நம்பியிருப்பார். மாசக் கடைசியில் ஏதாவது பேசிப் பார்க்கலாம். ஆனால் அந்தத் திரையில் ஏழு மாசத்துப் புள்ளிகள் இருந்தன. எந்தப் புள்ளி குட்டி, எந்தப் புள்ளி கிழடு என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் சொல்லாவிட்டால் அத்தனையும் பழைய கண், கெட்ட கண் என்று குப்பைக்குப் போகும். அவள் கொண்டுவந்த கண் ஒன்றுகூடக் கெட்டதில்லை.

"இந்த வாரம் இல்ல சார்" என்றாள். "ஏழு மாசமா. சனியும் திங்களும். குட்டி பத்தாதப்போ நான்தான் கிழடு எடுத்தேன். மேடத்துக்கு நேத்துதான் தெரியும். எந்த நாள்ல எத்தனைன்னு கேளுங்க, சொல்றேன்."

டிரேவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சும்மா வாய மூடிட்டிருந்திருக்கலாம்ல நீ?"

"பழசுன்னீங்களே சார். அது பொய்."

அவர் தன் அறைக்குப் போனார்.

சனிக்கிழமை முழுக்க காந்தா வித்யாலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து நாள்களைச் சொன்னாள். பண்டிகைகளை வைத்து நினைவுபடுத்தினாள். மாநிலம் உருவான நாளான கன்னட ராஜ்யோத்சவம் சனிக்கிழமை வந்தது, அன்று மூன்று குட்டி. ஆவணி மாசத்தில் ஒரு திங்கட்கிழமை குட்டியே இல்லை, பன்னிரண்டும் கிழடு. அவள் சொல்லச் சொல்ல, திரையில் புள்ளிகள் வெள்ளையும் சிவப்புமாகப் பிரிந்தன. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்பதே ஒன்பது புள்ளிகள் அவள் சொன்னதற்கு ஒத்துவரவில்லை.

"அந்த ஒம்பது ஏன் மேடம்?"

"தெரியல."

"கண்டுபிடிக்கணும்ல?"

"கண்டுபிடிக்கணும்" என்றார் வித்யாலட்சுமி.

முதலீட்டுக்காரர்கள் வந்துபோனார்கள். உள்ளே என்ன நடந்தது என்று காந்தாவுக்கு யாரும் சொல்லவில்லை. டீ கொண்டுபோனபோது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வித்யாலட்சுமி தெர்மாகோல் தட்டைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. ஒருவர் சிரித்தார். ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

மறுநாள் டிரேவர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு தாள். இங்கிலீஷில்.

"கையெழுத்துப் போடு."

காந்தா பேனாவைத் தொடவில்லை. "படிச்சுச் சொல்லுங்க சார். போன தடவை படிக்காமப் போட்டுத்தான் இவ்ளோ."

டிரேவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். முதல் பாதி எச்சரிக்கை. விதிமுறையை மீறியது, மறைத்தது, இன்னொரு தடவை நடந்தால் அன்றே வெளியே. அதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டாம் பாதி: ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. தினமும் ஆறு இளங்கண், ஆறு முதுகண். ஒவ்வொரு கண்ணுக்கும் ஆட்டின் வயதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"கடைசி வரி தப்பு சார்" என்றாள் காந்தா.

"என்ன தப்பு?"

"வயசுன்னு போடாதீங்க. பல்லுன்னு போடுங்க. வயசு ஆட்டுக்காரன் வாயால சொல்றது. பல்லு நான் தூக்கிப் பாக்கறது."

டிரேவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, மேலே வேறொன்றை எழுதி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். பிறகு பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

காந்தா அடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.